ஆந்தைக்குப் பரிகாரம் சொல்லும் சோதிடர்களுக்கு

மதிப்பிற்குரிய சோதிடர்களுக்கும் மாந்திரிகம் பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம். எங்கள் கொல்லையில் பட்டுப்போன தென்னை ஒன்றின் பொந்தில் கூகை என்ற ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு உடம்பு முடியாமல் போகவே, யாரோ ஒருவர் கட்டம் பார்த்து, சாக்குருவி அடைந்திருக்கிறது, விரட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை மரத்தடியில் மூன்று குஞ்சுகளும் கல்லடிபட்டுச் செத்துக் கிடந்தன. புதைத்தது நான்தான்.

உங்கள் சாத்திரத்தை வைத்தே பேசுகிறேன். பிறந்த நட்சத்திரத்துக்கு ஒரு பறவையைக் குறித்துப் பலன் சொல்லும் பஞ்சபட்சியில் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பறவைகள். ஊண், நடை, அரசு, துயில், சாவு என்ற ஐந்து தொழிலும் எல்லாவற்றுக்கும் பொது. மயிலுக்கும் சாவு உண்டு, ஆந்தைக்கும் அரசு உண்டு. வளர்பிறையில் திருவாதிரை முதல் பூரம் வரை ஆறு நட்சத்திரத்துக்கும் ஆந்தைதான் பட்சி. பூசத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆந்தையை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே ஆந்தை வேப்பமரத்தில் உட்கார்ந்தால் கெடுதல் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? அலறலுக்குப் பலன் சொல்லும் பழம்பாட்டிலும் ஓர் அலறலுக்குத்தான் சாவு. இரண்டு அலறினால் நினைத்த காரியம் கைகூடும். ஊர் பிடித்துக்கொண்டது முதல் வரியை மட்டும்.

நற்றிணை 83ஆம் பாட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். இரவில் தலைவன் வரும் நேரம். ஊரார் தண்ணீர் எடுக்கும் உண்துறைப் பக்கம் கடவுள் குடிகொண்ட முதுமரத்தில் கூகை இருக்கிறது. அது குழறினால் ஊர் விழித்துக்கொள்ளும். தோழி கல்லைத் தேடவில்லை. கறியும் நெய்யும் கலந்த வெண்சோறும் சுட்ட வெள்ளெலியும் நிறையத் தருகிறோம், சத்தம் போடாமல் இரு என்று அதனிடம் கெஞ்சுகிறாள். கடவுள் மரத்தில் கூகை இருப்பது அவளுக்குக் குறையாகத் தெரியவில்லை. அதற்குப் பிடித்தது எலி என்றும் தெரிந்து வைத்திருக்கிறாள். எங்கள் தென்னையடியிலும் அது கக்கிய எலி எலும்பும் மயிருமாக உருண்டைகள் கிடக்கும்.

வடக்கே அதை லட்சுமியின் வாகனம் என்கிறார்கள். அங்கேயே தீபாவளி அமாவாசைப் பூசைக்கென்று பிடித்து விற்கிறார்கள், பலியும் கொடுக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஆந்தையின் நகமோ கண்ணோ இறகோ கொண்டுவரச் சொல்பவர் உங்களில் யாராவது இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சட்டத்துக்குப் பயப்படாதவர்கூட உங்கள் வார்த்தையை மீறமாட்டார். அதனால்தான் வனத்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஆந்தை அலறுகிறது என்று யாராவது வந்து நின்றால், அது எலி பிடிக்க வந்திருக்கிறது, இருக்கட்டும் விடு என்று சொல்லி அனுப்புங்கள்.

தாய்க்கூகை இன்னும் இருட்டியதும் அந்தப் பொந்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

இப்படிக்கு,
தென்னை வீட்டுக்காரன்