பேங்க்கில் போட்ட இன்சூரன்ஸ் கடைக்காரரைக் காப்பாற்றாது

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஈரோட்டில் சின்னச் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவன் நான். மளிகை, மெஸ், பியூட்டி பார்லர், எலக்ட்ரிக்கல் கடை, பந்தல் காண்ட்ராக்ட் என்று எல்லா வகை ஃபைலும் என் மேசைக்கு வரும். "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டால் கடன் வாங்கிய எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இருக்கே, பேங்க்லயே போட்டுட்டாங்க."

அந்தப் பாலிசியைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மெஸ்ஸுடையதைச் சொல்கிறேன். தீ, வெள்ளம், திருட்டு எல்லாவற்றுக்கும் காப்பு உண்டு. கிரைண்டருக்கு இவ்வளவு, ஃப்ரீசருக்கு இவ்வளவு, அரிசி பருப்புக்கு இவ்வளவு என்று தொகை போட்டு, கீழே வங்கியின் பெயரும் இழப்பீட்டுப் பணத்தில் அவர்களுக்குத்தான் முன்னுரிமை என்ற ஷரத்தும் இருந்தன. மூன்றாம் நபருக்கான பொறுப்பு, அதாவது கடையால் வெளியாள் யாருக்காவது பாதிப்பு வந்தால் தர வேண்டிய இழப்பீடு, என்ற வரிக்கு நேரே மட்டும் ஒரு சின்னக் கோடு. மூன்று வேளையும் பந்தி நடக்கிற இடம் அது. அங்கே சாப்பிட்ட ஒருவருக்கு ஏதாவது ஆகி அவர் வழக்குப் போட்டால், அந்தப் பாலிசி ஒரு ரூபாய்கூடத் தராது.

"நம்ம ஊர்ல யாருங்க கேஸ் போடப் போறாங்க" என்பார்கள். நானும் அமெரிக்கக் கதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. ஆனால் 2019 நுகர்வோர் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, புகார்தாரர் தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். திருநெல்வேலியிலிருந்து அல்வாவை கூரியரில் அனுப்பும் கடைக்காரர் டெல்லி நுகர்வோர் ஆணையத்தில் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

அந்தச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்றே, அதாவது பழுதான பொருளால் வரும் பாதிப்புக்கு யார் பொறுப்பு என்று, ஓர் அத்தியாயம் இருக்கிறது. தயாரித்தவர் யார் என்று காட்ட முடியாவிட்டால், விற்றவரே தயாரித்தவரின் இடத்தில் நிற்க வேண்டியதுதான். பில் இல்லாமல் வந்த சார்ஜர், பெயரில்லாத பொம்மை, லேபிள் இல்லாத எண்ணெய் என்று எத்தனை கடைகளில் தொங்குகிறது! சரி, அதை விற்காதே என்பதுதான் முதல் பதில், ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்காக நடத்துகிறவருக்கும் ஒரு நாள் கெட்ட நாளாகலாமே. உணவு விஷயத்தில் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கறார்: பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் இழப்பீடு 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததும், அவரைப் போல் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்துச் செய்தி. போலீஸ் கேஸிலிருந்து எந்த இன்சூரன்ஸும் யாரையும் காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது. நான் கேட்பது, அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டிய பணம் எங்கிருந்து வரும் என்பதைத்தான். எங்கள் கடைக்காரர்களில் பெரும்பாலானவர்கள் தனி உரிமையாளர்கள். கம்பெனிக்கென்று தனிப் பணம், முதலாளிக்கென்று தனிப் பணம் என்ற பிரிவினையே இல்லை. கடை மேல் வரும் தீர்ப்பு வீட்டுப் பத்திரம் வரைக்கும் வரும். வீட்டை விற்றும் தீரவில்லை என்றால் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது வெறும் தீர்ப்பு நகல்.

எல்லோருக்கும் இந்த மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகம் விற்பவரும், பிளவுஸ் தைப்பவரும் அந்தப் பணத்தை முதலில் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டட்டும். மெஸ், கேட்டரிங், கேஸ் அடுப்பு சர்வீஸ், பந்தல், ஜிம், பிளே ஸ்கூல், முகத்தில் கெமிக்கல் தடவும் பார்லர் இவர்களுக்குத்தான் அவசரம்.

அப்படியென்றால் வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். போய்க் கேட்டுப் பாருங்கள். கடைக்கு வந்தவருக்கு அங்கே அடிபட்டால் பப்ளிக் லயபிலிட்டி, விற்ற பொருளால் பாதிப்பு வந்தால் ப்ராடக்ட் லயபிலிட்டி, இரண்டும் வேறு வேறு. ஓட்டல்காரருக்கு உணவால் வரும் பிரச்சினையைத் தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், சேர்க்காமல் வாங்கிவிட்டு, படியில் வழுக்கி விழுந்தவருக்குக் காப்பு இருக்கிறது, சாம்பாரால் படுத்தவருக்கு இல்லை என்பது கிளெய்ம் அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று இரண்டு வரம்பு; பாலிசி நடப்பில் இருக்கும்போது கிளெய்ம் வந்தால்தான் செல்லும் என்று இன்னொரு நிபந்தனை. எல்லாம் ஆங்கிலத்தில். பிரீமியம் சின்னது, கமிஷனும் சின்னது, இதை உட்கார்ந்து விளக்க எந்த ஏஜென்டுக்குப் பொறுமை இருக்கும்?

உங்களால் இதைச் சரிசெய்ய முடியும், ஏனென்றால் ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள். 5 கோடி வரை சொத்து மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று ஒரே மாதிரி பாலிசியை 2021 ஏப்ரலில் கொண்டுவந்தீர்கள். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே வாசகம். ஆனால் அது கட்டடம், மெஷின், சரக்கு பற்றியது. அதே போல மூன்றாம் நபர் பொறுப்புக்கும் ஒன்று வேண்டும்: கடை, உணவு, விற்ற பொருள், வக்கீல் செலவு எல்லாம் ஒரே பாலிசியில், 5 லட்சம், 10 லட்சம், 25 லட்சம் என்று வாங்குகிற மாதிரி, எதற்குக் கிடைக்காது என்ற பட்டியல் முதல் பக்கத்திலேயே தமிழில். 2047க்குள் அனைவருக்கும் காப்பீடு என்று சொல்லியிருக்கிறீர்கள், மெஸ்காரரும் அந்த அனைவரில் ஒருவர்தான்.

இன்னொன்று, வரி. இந்தப் பொறுப்புப் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழிக்காமல் 5 சதவீத வரி கட்டும் சின்ன ஓட்டல், விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் கடை, இவர்களால் அதில் ஒரு பைசாவைக்கூடக் கழித்துக்கொள்ள முடியாது, முழுவதும் கைப்பணம். வரியைக் குறைப்பது ஜிஎஸ்டி கவுன்சில் வேலை என்பது தெரியும். 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு அவர்கள் வரியை நீக்கினார்களே, அதே கவுன்சிலுக்கு இந்தச் சிறு கடைகளுக்காகவும் ஆணையத்தின் பெயரில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.