தொடக்கப்பள்ளிப் புதுக் கட்டடம்: பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்த் தொடக்கப்பள்ளியின் இரண்டு வகுப்பறைகளும் தாழ்வாரமும் முடிந்து, பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். நமக்கு நாமே திட்டத்தில் நம் பங்குத்தொகை போக மீதி அரசுப் பணம். வரவு செலவைத் தனித் தாளில் இணைத்துள்ளோம். இந்த அறிக்கை, "ஏன் இப்படிக் கட்டினீர்கள்?" என்று கேட்டவர்களுக்காக.

அதிகமாகப் பேசியது கூரையைப் பற்றித்தான். குளிர்ச்சிக்குக் கீற்று போதுமே என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். குளிர்ச்சி உண்மைதான். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகு பள்ளிக்குக் கீற்று என்ற பேச்சே கிடையாது. தகரம் போட்டால் பங்குனி, சித்திரையில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்தில், அந்த ஊரிலேயே பிறந்த கட்டடக்கலைஞர் ஃபிரான்சிஸ் கேரே 2001இல் கட்டிய தொடக்கப்பள்ளியின் படங்களை ஓர் உறுப்பினர் காட்டினார். மண்கல் சுவர், துளைகள் விட்ட உள்கூரை, அதற்கு மேலே இடைவெளி விட்டுத் தூக்கி நிறுத்திய தகரம். சூடான காற்று அந்த இடைவெளி வழியே போய்விடும். எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் ஐப்பசி மழை தகரத்தில் கொட்டும்போது டீச்சர் சொல்வது யார் காதில் விழும்? விட்டுவிட்டோம்.

கடைசியில் ஓடு வைத்த கான்கிரீட் தளம் என்று முடிவானது. தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அதனால் கம்பிகளுக்கு இடையே இரண்டிரண்டு பழைய மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து வைத்தோம். சிமெண்டும் ஜல்லியும் மிச்சம், ஓடுகளுக்கு நடுவே நிற்கும் காற்று சூட்டையும் மட்டுப்படுத்தும். ஓட்டைத் தண்ணீரில் நனைய வைத்துத்தான் போட வேண்டும். இல்லையென்றால் கான்கிரீட்டின் ஈரத்தை அது குடித்துவிடும். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்து, வெள்ளை அடித்தோம். பலகை பிரித்ததும் கீழே ஓடுகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. இரண்டாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்ப்பாடு இப்போது அண்ணாந்து பார்த்துத்தான் நடக்கிறது.

சுவர், கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறி கட்டு. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் முறை. சாதாரண ஒன்பது அங்குலச் சுவரைவிட ஏறத்தாழ கால்பங்கு செங்கல் குறையும். "பள்ளிக்கூடத்துக்கு எலிப்பொறியா?" என்று கொத்தனார் சிரித்தார், நாலு வரிசை எழும்பியதும் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இதில் ஒரு தவறு எங்களுடையது. மின்குழாய் எங்கே போகும் என்று முன்கூட்டியே குறிக்கவில்லை. பிறகு உளியால் கொத்தியதில் வடக்கு அறையில் இரண்டு இடத்தில் சுவர் உடைந்து, பூசி மறைத்திருக்கிறோம். பூசாத செங்கல் சுவரில் அந்த ஒட்டு தெரியத்தான் செய்யும்.

கட்டடத்தின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. வடக்கே எதற்கு இவ்வளவு அகலச் சன்ஷேடு என்று கேட்டார்கள். நம் பக்கத்தில் சித்திரை முதல் ஆவணி முற்பாதி வரை உச்சிவெயில் வடக்குப் பக்கமிருந்துதான் சாய்ந்து விழுகிறது. சன்னலின் அடிமட்டத்தையும் இரண்டடிக்கு இறக்கினோம். ஒன்று முதல் மூன்று வரை பிள்ளைகள் பாயில்தான் உட்காருகிறார்கள். மூன்றடியில் சன்னல் வைத்தால் காற்று அவர்கள் தலைக்கு மேலே போய்விடும், டீச்சருக்கு மட்டும் படும். விசிறி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மாட்டியிருக்கிறோம், மதியத்தில் ஓடுகிறது.

புங்க மரத்தை வெட்டவில்லை, கட்டடத்தைத்தான் தள்ளிப் போட்டோம். கை கழுவும் தண்ணீர் கல்வாழைக்கும் வாழைக்கும் போகிறது.

மழைநீர்த் தொட்டி முடிந்துவிட்டது. நூறு சதுர மீட்டர் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். சேதாரம் போனாலும் தொட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் மழையை வெளியே விடும் வால்வைத் திறந்து மூட ஒரு ஆள் வேண்டும், வடிகட்டி மணலையும் புரட்டாசிக்குள் அலசிப் போட வேண்டும். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் உறுப்பினர்களில் இருவர் பெயர் கொடுத்தால் சாவியை ஒப்படைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
கட்டடக் குழுவினர்