தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்

ஐயா, போன மாதம் எங்கள் தெருமுனையில் ஒரு லேப்ரடார் பெட்டையை யாரோ கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மடி தொங்கி, சொறி பிடித்து, குட்டி போட்டுப் போட்டே ஓய்ந்த உடம்பு என்று பார்த்தாலே தெரிந்தது. இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பத்து நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது, அப்புறம் தயிர்சாதத்துக்கு மசிந்தது.

நாய் வளர்த்து விற்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும், 18 மாதம் ஆகாத பெட்டையை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2017லேயே விதி போட்டிருக்கிறது. சரி, குட்டி வாங்குகிற நாம் பதிவுச் சான்றைக் கேட்கிறோமா, தாய் நாயைக் காட்டச் சொல்கிறோமா? மதுரை வெயிலில் பனிநாட்டு நாயான ஹஸ்கியை மொட்டை மாடியில் கட்டுகிறவர்களை என்ன சொல்ல! பதிவு பெற்றவர்களின் பட்டியலை உங்கள் நாளிதழாவது வெளியிடுங்கள்.

ஒரு வாசகி, மதுரை