எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர்

கானாடுகாத்தான்,
மார்கழிக் கடைசி.

அன்புள்ள அழகம்மை,

உன் கடிதம் பிள்ளையார் நோன்பு அன்று வந்தது. நோன்பு இழையை, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியை, எடுத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வந்துதான் பிரித்தேன். முதல் இரண்டு பக்கமும் பேரன் புராணம். மூன்றாம் பக்கத்தில்தான் அழுகை. கனடாவில், உன் எட்மன்டன் குளிரில் முடி வைக்கோலாகிவிட்டது, சீப்பு பட்டாலே ஒடிகிறது, பேசாமல் கடையில் கொடுத்து நேராக்கிக்கொள் என்கிறாள் மகள் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி யோசனைக்குப் பிறகு வருகிறேன்.

தினமும் காலையில் காய்ந்த தலையில் தேங்காய் எண்ணெய், ராத்திரி விளக்கெண்ணெய், "இத்தனை எண்ணெயைக் குடித்தும் இந்த முடிக்குத் தாகம் தீரவில்லையே" என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவளிடம் கேட்டுவிட்டாய். இனி பாடம் கேட்காமல் தப்ப முடியாது. எண்ணெய் ஈரம் இல்லையடி. அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. முடிக்குள் இருக்கிற ஈரம் வெளியேறாமல் மூடி போடுவதுதான் அதன் வேலை. வெறும் பானைக்கு நீ தினமும் இரண்டு மூடி போட்டுக்கொண்டிருக்கிறாய்.

உன் வீட்டுக் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள். குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைச் சுமக்க முடியாது. மைனஸ் 20 டிகிரிக் காற்றை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால், வேறு ஈரம் சேராதவரை அதன் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வெளியே பனி குவிந்து கிடக்கும். உள்ளே நீ வற்றல் காயப்போடும் மொட்டைமாடியில் குடியிருக்கிறாய். உன்னுடையது சுருட்டை முடி வேறு. தலையில் ஊறும் இயற்கை எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் வளைவுக்கு வளைவு தடைப்பட்டு நின்றுவிடும். அதனால்தான் உனக்கு உச்சி பிசுக்காகவும் நுனி சருகாகவும் இருக்கிறது.

"அப்பத்தாவும் காய்ந்த தலையில்தானே வைத்தார்கள்" என்பாய். வைத்தார்கள். ஆனால் எந்த ஊரில்? ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழிப் பனி இறங்கி, கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாத ஊரில். காற்றே தண்ணீர் கொடுத்தது, எண்ணெய்க்கு மூடுகிற வேலை மட்டும் மிச்சம். சாம்பிராணிப் புகை காட்டியதும் அந்த ஈரத்தைப் போக்கத்தான். நீ பெட்டியில் கொண்டுபோன சாம்பிராணியைச் சாமிக்கு மட்டும் காட்டு, தலைக்கு வேண்டாம். எங்கள் வீட்டு வளவு முற்றத்தில் ஓட்டிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துவைத்து, அதில்தான் அப்பத்தா எங்களுக்குச் சீயக்காய் தேய்த்துவிடுவார்கள், நினைவிருக்கிறதா? ஒரு தடவை நீயும் வரிசையில் உட்கார்ந்து, கண்ணில் சீயக்காய் பட்டு ஊரைக் கூட்டினாய். மழைத் தண்ணீரில் உப்பு இல்லை. முடி பட்டாக இருந்ததற்கு அந்த அண்டாவுக்கும் பாதிப் பங்கு உண்டு. இப்போது எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் குளித்தால் தலையில் மாவு பூசியதுபோல் இருக்கிறது.

என் பேத்திக்கும் உன்னைப்போலச் சுருட்டை. விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தங்கள் முடியை நேராக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளக் கண்ட முறைகளைப் பார்த்துப் படித்து வைத்திருக்கிறாள். முதலில் தண்ணீர், அதன்மேல் எண்ணெய், அதன்மேல் கிரீம், இதுதான் வரிசை. வாரம் ஒருமுறை ஷாம்பு, அதுவும் உச்சிக்கு மட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில். பிறகு கண்டிஷனரை நுனிவரை தாராளமாகப் பூசி, வழவழப்பாக இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்க வேண்டும். ஈரத்தலையைச் சீவாதே என்று நம் தலையில் குட்டி வளர்த்தார்கள். சுருட்டை முடிக்கு மட்டும் அது தலைகீழ். அலசிவிட்டு, துவட்டித் தேய்க்காமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே நாலைந்து சொட்டு எண்ணெயைக் கையில் தடவி நுனியை நீவிவிடு. நடுவாரத்தில் தண்ணீர் தெளித்து இதையே செய். இரண்டே வாரம் பார்.

தேங்காய் எண்ணெயை விட்டுவிடாதே, நேரத்தை மாற்று. அது முடித்தண்டுக்குள் புகக்கூடிய எண்ணெய். குளிப்பதற்கு முன் தடவினால் முடியின் புரதம் கரைந்து போவது குறைகிறது என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது; சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தத் திறன் இல்லை. ஆகவே குளிக்கும் முதல்நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய், குளித்த பிறகு நுனிக்குத் துளி விளக்கெண்ணெய். தேங்காய் எண்ணெய் இங்கேயே 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து, பாட்டிலை முற்றத்து வெயிலில் வைக்க வேண்டியிருக்கிறது; உனக்கு வருடம் முழுக்கக் கல்தான். உள்ளங்கையில் தேய்த்தாலே உருகும். உச்சியில் செதில் உதிர்ந்தால் அங்கே எண்ணெயே வைக்காதே, அதிகமாகும்.

இப்போது நேராக்கும் கதை. என் வீட்டுக்காரரின் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு நானும் அந்தக் கூத்தை அடித்தேன். புகைப்படத்தில் அழகாக விழவேண்டுமாம். பக்கத்து நகரத்தில் ஒரு கடை. நாலு மணி நேரம், மருந்து வாடை, சூட்டுக்கம்பி. பத்து நாள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. நாலாம் மாதம் புதிதாய் வளர்ந்த சுருட்டையும் பழைய நேர்முடியும் சேரும் இடத்தில் கொத்துக் கொத்தாக ஒடிந்தது. முடிக்குள் இருக்கும் பிணைப்பையே உடைத்து நேராக்கிய முடி பிறகு எந்த எண்ணெய்க்கும் கட்டுப்படாது. கடைசியில் கழுத்தளவு வெட்டினேன். கடைக்காரர் என் ஷாம்பு சரியில்லை என்றார். எங்கள் வீட்டுச் செட்டியார் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை, சிரிப்பதோடு சரி.

வெளியே போகும்போது கம்பளித் தொப்பிக்குள் ஒரு பட்டுத் துணியைக் கட்டிக்கொள். கம்பளி முடியை உரசி அறுக்கும். ஈரத்தலையோடு மட்டும் வாசல் தாண்டாதே. தலையணைக்கும் பருத்தி வேண்டாம், ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆத்தாளின் அரக்குப் பட்டு ஒன்று பெட்டியில் கிழிந்து கிடக்கிறது. ஜரிகையை ஒதுக்கிவிட்டு உடல் பகுதியில் உனக்கு இரண்டு உறை தைத்து, தை பிறந்ததும் மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீள அகலத்தை அளந்து எழுது, அங்கே தலையணைகள் பெரியவையாமே.

உன்,
சிவகாமி