சப்ளை செயின் படித்தவருக்கு டெல்டாவில் வேலை இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சரக்கு வாங்குவது முதல் கொண்டுசேர்ப்பது வரை திட்டமிடும் சப்ளை செயின் மேனேஜர் வேலையின் எதிர்காலம் பற்றி வந்த வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. ‘நெல்லும் வயலுமாகக் கிடக்கும் டெல்டாவில் சப்ளை செயின் படித்தவருக்கு என்ன வேலை இருக்கப்போகிறது?’ என்று கேட்டுவிட்டு, ஆகவே வெளிநாட்டு விசாவுக்கு இப்போதே முயலுங்கள் என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். அச்சுக்குப் போகும் முன் உங்கள் அலுவலகத்தில் டெல்டாக்காரர் ஒருவர்கூடவா இதைப் பார்க்கவில்லை?

எனக்கு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பராகத் தொடங்கி, சிங்கப்பூரில் பர்ச்சேஸ், பிளானிங், கடைசியில் சப்ளை செயின் மேனேஜர் என்று வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த வேலையும் தெரியும், வயலும் தெரியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் ஒன்றாக வந்து மோதும் என்பது தாங்கள் அறியாததல்ல. 2025 குறுவையில் விளைச்சல் நன்றாகவே இருந்தது. ஆனால் அரசு நெல் கொள்முதல் நிலையங்களில் எடை போட்ட மூட்டை லாரி ஏறவில்லை. லாரி ஏறாததால் இடமில்லை. இடமில்லாததால் புதிய நெல்லை எடை போடவில்லை. ரேஷன் அரிசியில் கலக்கும், சத்து சேர்த்துச் செறிவூட்டப்பட்ட அரிசிக்கு அனுமதி கிடைக்கத் தாமதமானது, அதனால் அரவை தள்ளிப்போய்க் கிடங்குகள் காலியாகவில்லை என்று அரசுத் தரப்பிலேயே காரணம் சொன்னார்கள். எங்கோ ஒரு கோப்பு நின்றதற்கு இங்கே சாலையோரம் நெல் முளைவிட்டது. எந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே பார்த்து மாற்று வழி செய்வதற்குத்தானே சப்ளை செயின் மேனேஜர் என்று ஒருவரை வைக்கிறார்கள்?

எங்கள் நெல்லும் அந்த வரிசையில் கிடந்தது. படுதாவைத் தூக்கிக் கையை உள்ளே விட்டால் குவியலின் நடுவில் சூடு தெரியும், புளித்த வாடை வரும். வெயில் எட்டிப் பார்த்தால் பிரித்துக் காயவைப்பது, மேகம் கறுத்தால் வாரிக் குவிப்பது என்றே பொழுது போனது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் வாங்க மாட்டார்கள். கொண்டுவந்தபோது சரியாக இருந்த நெல், காத்துக் கிடந்தே ஈரம் ஏறியது. ஒரு நாள் சாக்கு இல்லை என்றார்கள். சாக்கு வந்த நாளில் தைக்கச் சணல் இல்லை. எத்தனை ஏக்கர் நடவாகியிருக்கிறது என்று ஜூலை, ஆகஸ்டிலேயே தெரியும். ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும் என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். மூட்டைக்கு 40 கிலோ. சாக்கும் சணலும் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட அப்புறம் என்ன தடை? நிலையத்தில் ரசீது எழுதும் பட்டியல் எழுத்தர் மேலும் சுமை தூக்குகிறவர்கள் மேலும் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் ராப்பகலாக நின்றார்கள். சாக்கு முதல் சரக்கு ரயில் வரை சேர்த்துப் பார்த்துத் திட்டமிட, அதற்கென்றே படித்தவரை வட்டத்துக்கு ஒருவராவது வையுங்கள் என்று உங்கள் பத்திரிகை என்றைக்காவது எழுதியதுண்டா? நனைந்த நெல்லின் படம் மட்டும் வருஷம் தவறாமல் முதல் பக்கத்தில் வருகிறது.

நீடாமங்கலம் ஸ்டேஷனில் வெளிமாவட்ட அரவைக்கு நெல் ஏற்றுவதைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். சரக்கு ரயில் நகரும்வரை ரயில்வே கேட் மூடியிருக்கும், ஆம்புலன்ஸ்கூட பஸ் வரிசையில்தான் நிற்கும். 2019இல் திருவாரூர் - காரைக்குடி அகலப்பாதையில் ரயில் விட்டபோது கேட் கீப்பர்கள் இல்லை. ரயிலிலேயே ஆளை ஏற்றிப்போய், ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, ரயில் தாண்டியதும் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மெயின் ரோட்டு ஊர்களில் பிஸ்கட்டும் போர்வையும் குவிந்து கிடந்தன, உள்ளே இருந்த ஊர்களில் மெழுகுவத்திகூட இல்லை. அனுப்பியவர்களின் மனசில் குறையில்லை, எது எங்கே போகிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை. இந்த ஊரைப் பார்த்தா என்ன வேலை இருக்கிறது என்று கேட்பது?

நனைந்த நெல்லைக் கெடாமல் காப்பது எப்படி என்று ஆராய 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. இந்தத் துறைக்குப் போக நினைக்கும் டெல்டாப் பிள்ளைகளுக்காக எழுதிய கட்டுரையில் அதற்கு ஒரு வரி இடமில்லை. கட்டுரைக்குக் கீழேயே ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்ற லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ விளம்பரத்துக்கு மட்டும் அரைப் பக்கம் இருந்தது. அப்படிப்பட்ட டிப்ளமோ முடித்து என்னிடம் வேலைக்கு வந்த பையன்களுக்கு டேட்டா என்ட்ரி தவிர எதுவும் சொல்லித்தந்திருக்கவில்லை.

அந்த டேட்டா என்ட்ரி வேலைதான் இயந்திரத்திடம் முதலில் போகும். இதைச் சொல்லாமல், பத்து வருஷத்தில் ரோபோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், அதற்குள் வெளிநாடு போய்விடுங்கள் என்கிறது கட்டுரை. ரோபோ எங்கே இருக்கிறது ஐயா? சிங்கப்பூர் துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கண்டெய்னரைச் சுமந்து ஓடுகின்றன, அதை 2022இல் முறைப்படி திறந்தார்கள். அமேசான் தன் கிடங்குகளில் 10 லட்சமாவது ரோபோவை இறக்கியதாக 2025இல் அறிவித்தது. இயந்திரத்துக்குப் பயந்து கிளம்பச் சொல்கிறவர், இயந்திரம் முந்திக்கொண்ட ஊர்களுக்கே வழிகாட்டுகிறார்.

நான் வேலை பார்த்த கிடங்கிலும் அது வந்தது. ஸ்டாக் எண்ணியவர்களும் பர்ச்சேஸ் ஆர்டர் அடித்தவர்களும் வேலை இழந்தார்கள், அது நிஜம். ஆனால் 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் கிடந்ததே, அப்போது எங்கள் சிஸ்டம் பழைய தேதியையே காட்டிக்கொண்டிருந்தது. எந்தச் சரக்கை விமானத்தில் வரவழைப்பது, யாரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்வது என்று உட்கார்ந்து முடிவெடுத்தது நாங்கள்தான். சாஃப்ட்வேர் சொல்லும் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்று தெரிந்தவருக்கு இந்தத் துறையில் இன்னும் நெடுங்காலம் இடமிருக்கிறது என்று நான் நம்புகிறேன். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

வெளிநாடு போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பல வீடுகள் சிங்கப்பூர், வளைகுடாப் பணத்தில் எழும்பியவை, என் வீடும் அப்படித்தான். சொல்வதை முழுதாகச் சொல்லுங்கள் என்கிறேன். மேனேஜர் போன்ற வேலைகளுக்குத் தரும் சிங்கப்பூர் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். வயது ஏற ஏற அதுவும் ஏறி, நாற்பதுகளின் நடுவில் 10,700 வெள்ளி ஆகிவிடுகிறது. வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தபோதே நானும் என் வயதுக்காரர்கள் சிலரும் பெட்டி கட்டினோம். ஆஸ்திரேலியாவில் 45 வயது நிரம்பிவிட்டால், வயது, படிப்பு, அனுபவத்துக்குப் புள்ளி போட்டு விசா தரும் முறையில் அழைப்பே கிடையாது. 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி, 40 தாண்டினால் 15தான். 65 புள்ளி எடுத்தால் வரிசையில் நிற்கலாம், கூப்பிடுவார்கள் என்று உறுதியில்லை.

கனடா பற்றி எழுதியது அப்பட்டமான தவறு. அங்கே ஒரு நிறுவனத்தின் வேலை உறுதிக் கடிதம் இருந்தால், குடியேற விண்ணப்பிப்பவர்களைப் புள்ளி போட்டு வரிசைப்படுத்தும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கூடுதல் புள்ளி உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். கடிதங்கள் காசுக்கு விற்கப்பட்டதால்தான் எடுத்தார்கள். எங்கள் பக்கத்து டவுனில் ஓர் ஏஜென்ட் உங்கள் கட்டுரையைக் கத்தரித்து லேமினேட் செய்து மேசை மேல் வைத்திருக்கிறார். ‘பேப்பர்லயே போட்டிருக்கான் பாருங்க’ என்று காட்டித்தான் கடிதத்துக்கு விலை பேசுகிறார்.

நான் கேட்பது சின்ன விஷயம். கனடா புள்ளி பற்றிய திருத்தத்தை அதே இணைப்பில், அதே இடத்தில், கண்ணில் படுகிற எழுத்தில் போடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம் என்பதையும் கீழே ஒரு வரி சேருங்கள். மாத இறுதிவரை தள்ளிப்போட வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பையன் அந்த ஏஜென்ட்டுக்குக் கட்ட அம்மாவின் நகையை அடகு வைக்கப்போகிறான். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான், உங்கள் பேப்பரில் வந்தால் கேட்பான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.