மூடியை மாத்து, மவுண்டைத் தொடாதே

திருப்பாப்புலியூர்,
கடலூர்.

பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின போட்டோ எல்லாத்தையும் பெருசாக்கிப் பார்த்துட்டேன். போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா பாதியிலயே "சரிப்பா, சரிப்பா"ன்னு வெச்சிடுவே. அதான் எழுதறேன். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கிறப்போ இதைப் பக்கத்துல விரிச்சு வெச்சுக்கோ.

சிக்பேட்டை சந்தையில நீ வாங்கினது ரெண்டுமே பென்டாக்ஸ் கே-1000 ஃபிலிம் கேமரா. ஒண்ணுல டாப் கவர், அதாவது மேல் மூடி, நசுங்கி இருக்கு, ஆனா ஷட்டர் ஓடுது. இன்னொண்ணு பார்க்கப் புதுசு மாதிரி, ஆனா உள்ளே இருக்கிற மிரர் கீழ இறங்காம மேலயே நின்னுக்குது, ஷட்டர் துணியில ஊசி ஓட்டை வேற. நல்ல மூடியைக் கழட்டி ஓடுற கேமராவுக்குப் போட்டுடலாம், முன்பக்கத்தையும் மவுண்டோட, அதாவது லென்ஸ் உக்கார்ற வளையத்தோட, சேர்த்து மாத்திடலாம்னு கேட்டிருக்கே. முதல் பாதிக்கு சரி. ரெண்டாவது பாதிக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

பாடியை, அதான் லென்ஸ் இல்லாத கேமராவை, தேர்ந்தெடுத்ததுல உன்னைக் குறை சொல்ல முடியாது. உதிரி மாத்தணும்னா இதை விட வசதியான கேமரா கிடையாது. 1976ல வந்து 1997 வரைக்கும் வித்தாங்க. அதுக்கு முன்னாடி 1975ல வந்த கே.எம்., கே.எக்ஸ்., இன்னும் பின்னாடி போனா 1964ல வந்த ஸ்பாட்மேட்டிக், எல்லாம் ஒரே வம்சம். முதல்ல ஜப்பான்ல செஞ்சாங்க, அப்புறம் ஹாங்காங், கடைசியில சீனா. 'அசாஹி'ன்னு நெத்தியில எழுதியிருக்கிறது பழசு. உன்கிட்ட இருக்கிற ரெண்டுலயும் அது இருக்கு, அதனால மூடி பொருந்தும். கடைசிக் காலத்துக் கேமராவில மூடியே பிளாஸ்டிக். போட்டோவில வித்தியாசம் தெரியாது, நகத்தால தட்டினா சத்தமே சொல்லிடும். அடுத்த தடவை வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்கு.

இப்போ அந்த நசுங்கலுக்கு வர்றேன். நீ அதை அழகுப் பிரச்சினையா பார்க்கிறே. எனக்கு அது கேமரா கீழ விழுந்ததுக்கான அத்தாட்சி. பென்டாப்ரிசத்துக்கு, அதான் வியூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்புற கண்ணாடிக் கட்டிக்கு, மேல ஓரத்துல அடி வாங்கியிருக்கு. மூடியைத் தூக்கினதும் புது மூடியைத் தேடாதே. உள்ளே ப்ரிசம் முனை உடைஞ்சிருக்கா, பின்னாடி வெள்ளிப் பூச்சு உரிஞ்சு வியூஃபைண்டர்ல கருப்புக் கோடு தெரியுதா, அதைப் பாரு. அப்புறம் லென்ஸை மாட்டி லேசா ஆட்டிப் பாரு. அடி மூடியோட நின்னிருந்தா நீ அதிர்ஷ்டக்காரி.

மூடி கழட்டுறதுல ரெண்டு மூணு விஷயம். நம்ம ஊர்க் கடையில ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்னு குடுக்கிறது ஜப்பான் ஸ்க்ரூவுக்கு சரியா உக்காராது. அவங்க அளவு வேற, ஜே.ஐ.எஸ்.னு பேரு. சாதா ஸ்டாரை வெச்சு அழுத்தித் திருகினா நுனி நழுவி மேல ஏறும், ஸ்க்ரூ தலை மொழுமொழுன்னு ஆயிடும். அதுக்கப்புறம் அதைக் கழட்ட டிரில்தான். ரீவைண்ட் குமிழைக் கழட்ட, பின்கதவைத் திறந்து, ஃபிலிம் டப்பாவைப் பிடிக்கிற கவைக்கு நடுவுல ஒரு மரக்குச்சியைக் கொடுத்துப் பிடிச்சுக்கோ, மேல குமிழை இடப்பக்கமா சுத்து. ஃபிலிமை நகர்த்துற லிவர் மேல இருக்கிற மூடி வளையத்துக்குக் கொறடு போடாதே, ரப்பர் கார்க்கை அழுத்திச் சுத்தினா கழண்டு வரும். ஏதாவது ஸ்க்ரூ வரமாட்டேன்னு அடம் பிடிச்சா பலத்தைக் கூட்டாதே, லெஃப்ட் மரையா இருக்கலாம். எதிர்ப்பக்கம் மெதுவா முயற்சி பண்ணிப் பாரு. ஷட்டர் டயலை எடுக்கறதுக்கு முன்னாடி எந்த எண்ணுல நிக்குதுன்னு போன்ல படம் எடுத்துக்கோ. மூடியை வெடுக்குன்னு தூக்காதே, ஃபிளாஷ் மாட்டுற ஹாட் ஷூவிலிருந்து வயர் வந்தா அறுந்துடும். மினோல்ட்டா எஸ்.ஆர்.டி. மாதிரி சிலதுல உள்ளே நூலே ஓடும், டயலுக்கும் ஒளி அளக்கிற மீட்டருக்கும் நடுவுல. அந்த நூல் ஒரு தடவை கப்பியை விட்டு நழுவுச்சுன்னா திரும்ப மாட்டுறதுக்குள்ள சாப்பாட்டு நேரம் தாண்டிடும்.

இன்னொண்ணு. கேமரா நம்பர் டாப் கவர்லதான் பொறிச்சிருக்கு. மூடி மாறினா நம்பரும் மாறும். நீயே வெச்சுப் படம் எடுக்கறதுன்னா அதைப் பத்திக் கவலையில்ல. பின்னாடி யாருக்காவது வித்தா, மூடி வேற கேமராவோடதுன்னு சொல்லித்தான் விக்கணும். நசுங்கின மூடியைத் தூக்கிப் போட்டுடாதே, அந்த பாடியோட நம்பர் அதுல இருக்கு.

இப்போ மவுண்ட். லென்ஸ் உக்கார்ற வளையத்துலேர்ந்து ஃபிலிம் வரைக்கும் பென்டாக்ஸ் கே மவுண்டுக்கு 45.46 மில்லிமீட்டர். நிக்கானுக்கு 46.5, கேனன் எஃப்.டி.க்கு 42. புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண் எதுக்குன்னு கேப்பே. கணக்குப் போட்டுப் பாரு. 50 எம்.எம். லென்ஸை இன்ஃபினிட்டியில, அதாவது ரொம்ப தூரத்துக்கு, வெச்சிருக்கே. வளையம் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு முன்னாடி தள்ளிப் போயிருந்தா, உன் லென்ஸ் உண்மையில 25 மீட்டர் தூரத்துல இருக்கிறதைத்தான் கூர்மையா பிடிக்கும். சில்வர் பீச்சுல நின்னு தூரத்துப் படகை எடுத்தா, படகு மங்கி, நடுவுல விளையாடுற பையன் பளிச்சுன்னு இருப்பான். லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8, 11ல எடுக்கிற வரைக்கும் தெரியாது. எஃப் 2 திறந்தா தெரிஞ்சிடும்.

இந்த அளவைத் தொழிற்சாலையில ஒவ்வொரு பாடிக்கும் தனித்தனியா சரி பண்ணித்தான் அனுப்புவாங்க. பல கேமராவில வளையத்துக்கு அடியில காகிதத்தை விட மெல்லிசான பித்தளைத் தகடு வெச்சிருப்பாங்க, ஷிம்னு சொல்றது. அது அந்த பாடிக்கு அளந்து வெச்சது, அடுத்த பாடிக்கு ஆகாது. மிரர் பெட்டியோட சேர்த்து மாத்தினா இன்னும் மோசம். லென்ஸ்லேர்ந்து ஃபிலிமுக்கு எவ்வளவு தூரமோ, லென்ஸ்லேர்ந்து மிரர்ல பட்டு மேல ஃபோகஸ் பார்க்கிற ஸ்க்ரீனுக்குப் போற தூரமும் அவ்வளவு இருக்கணும். ஒண்ணு மாறி ஒண்ணு மாறலேன்னா, வியூஃபைண்டர்ல கச்சிதமா தெரியும், நெகட்டிவ்ல மங்கலா வரும். நீ லென்ஸைத் திட்டிக்கிட்டு இருப்பே.

கீழ விழுந்த கேமராங்கிறதால மவுண்டைத் தொடாமலேயே அளவு சரியான்னு பார்த்துடு. லென்ஸை எஃப் 2ல, இன்ஃபினிட்டியில வை. பின்கதவைத் திற. ஃபிலிம் ஓடுற ரெண்டு உள் தண்டவாளத்து மேல மங்கல் கண்ணாடித் துண்டை, மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்கிற மாதிரி, தட்டையா வை. வெளித் தண்டவாளம் இல்ல, அது பின்கதவோட அழுத்துற தகட்டுக்கு. ஷட்டர் டயலை, அழுத்தற வரைக்கும் திறந்தே இருக்கிற பி-யில வெச்சு, கேபிளால ஷட்டரைத் திறந்தே பிடிச்சுக்கிட்டு, ராத்திரி தூரத்து டவர் சிவப்பு விளக்கை லென்ஸ் வழியா கண்ணாடியில பாரு. பூதக்கண்ணாடியில புள்ளியா இருந்தா சரி. இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கான்னும் பாரு. ஒரு பக்கம் மட்டும் பூத்திருந்தா மவுண்ட் சாய்ஞ்சிருக்கு, எனக்கு அனுப்பு.

ஷட்டர் துணியையும் மாத்தாதே. ஓடுறது ஓடட்டும். ரெண்டு திரையோட ஸ்பிரிங் இழுவையும் ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கணும், இல்லேன்னா 1/1000 செகண்ட் வேகத்துல படத்துல ஒரு பக்கம் இருட்டு விழும். நாங்க இதைப் பழைய டப்பா டிவி முன்னாடி வெச்சு, பின்னாடி திறந்து பார்ப்போம். சாய்வா ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு முழுக்க ஒரே அகலமா இருந்தா திரை ரெண்டும் ஒத்து ஓடுதுன்னு அர்த்தம். உனக்கு டப்பா டிவிக்கு எங்க போக.

மீட்டரும் அப்படித்தான். ஊசியை மட்டும் எடுத்து இன்னொண்ணுல வெச்சா அசையும், ஆனா சொல்ற அளவு சரியா இருக்கும்னு நம்ப முடியாது.

ஆக, நீ தாராளமா எடுக்க வேண்டியது: மூடி, லிவர், ரீவைண்ட் குமிழ், அடித்தகடு, பேட்டரி மூடி, தோல், ஸ்ட்ராப் கொக்கி. தோலுக்கு ஃபெவிபாண்ட் போதும், மெல்லிசா தடவு. பின்கதவு ஸ்பாஞ்சு எல்லாத்துலயும் தார் மாதிரி உருகியிருக்கும், அதைச் சுரண்டிட்டு, டெய்லர் கடையில கருப்பு வெல்வெட் பட்டை வாங்கி ஒட்டு. உன் ஃப்ரெண்டோட கேனன் ஏ.இ.-1க்கு பேட்டரி மூடி உடைஞ்சிருக்குன்னியே, அதுக்கு ஏ-1, ஏ.இ.-1 ப்ரோக்ராம் மூடியும் ஆகும்.

அந்தப் பளபள கேமராவை மொத்தமா பிரிச்சு வீசிடலாம்னு மட்டும் நினைக்காதே. மிரர் மேல நிக்கிறது எண்ணெய் காய்ஞ்சதாலயும் இருக்கலாம். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்ச அப்புறம் நம்ம கடைக்கு உப்புத்தண்ணி குடிச்ச கேமரா நிறைய வந்துது, உனக்கு ஞாபகம் இருக்கும். அதுல உள்ளே வெள்ளைப் பொடி பூத்துப் போனதை மட்டும்தான், உரியவங்க கிட்ட கேட்டு, உதிரிக்குன்னு ஒதுக்கினேன். எந்த கேமரா உதிரி எந்த கேமராவுக்குப் போச்சுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். நீயும் ஒரு நோட்டு போடு. வெள்ளைப் பொடி இல்லாத கேமராவை இங்கே அனுப்பு, துணி மாத்தித் தர்றேன். ஆனா அதுக்கு அந்த நசுங்கின மூடிதான்.

பஸ் பார்சல்ல ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு, ரப்பர் கார்க், மங்கல் கண்ணாடித் துண்டு அனுப்பறேன். அம்மா பண்ருட்டி முந்திரி வெச்சிருக்கா. ஸ்க்ரூ கழட்டறப்போ வெள்ளைத் துண்டை விரிச்சுக்கோ, முந்திரியை அதுல வெச்சுத் திங்காதே. மூடியைத் தூக்கினதும் ப்ரிசத்தைப் படம் எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் வேற எதையும் கழட்டாதே.

அப்பா