சேர்ந்து சிரிக்கிறவர்கள்

அன்புள்ள வசு,

உன் கடிதம் கிடைத்தது. வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. இடது கண்ணுக்கு அவசரப்படாதே, டாக்டர் சொன்ன இடைவெளி விட்டே செய்துகொள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. அண்ணாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்கு ஆவணியில் பிரசவம். அதற்கு முன்னாலேயே பெங்களூருக்குப் போய்விடுவேன், திரும்பி வர தீபாவளி ஆகிவிடும். இவர் தனியாகச் சமாளித்துக்கொள்வதாகச் சொல்கிறார். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், நன்றாகவே வருகிறது.

அப்புறம், உன் கடிதத்தின் கடைசிப் பத்தி. கண் சரியானதும் படிக்க ஏதாவது சொல் என்று கேட்டிருக்கிறாய். கொலை வேண்டாம், அழ வைப்பதும் வேண்டாம். கூடவே, “நீ இன்னமும் அந்த ஹெயர் புத்தகங்களையா படிக்கிறாய்? இந்த வயதிலும் பிரபுக்களும் நடன விருந்துமா?” என்று ஒரு கேள்வி. ஆமாம் வசு, இன்னமும் படிக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலேஜில் லெண்டிங் லைப்ரரியிலிருந்து கட்டுக்கட்டாக எடுத்து வருவோமே, அப்போது நமக்கு எல்லாமே ஒரே ரகம்தான். அட்டையில் கவுன் போட்ட பெண் இருந்தால் காதல் கதை. அந்தக் கட்டில் இருந்த மற்றவை எதுவும் எனக்கு இன்று நினைவில்லை. அந்த இங்கிலீஷ் நாவலாசிரியை ஜார்ஜெட் ஹெயர் எழுதியவை மட்டும் ஆள் ஆளாக, வசனம் வசனமாக மனசில் நிற்கின்றன. அதற்குக் காரணம் காதல் இல்லை, சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். சரியாகச் சொன்னால், அந்தச் சிரிப்பு இருப்பதால்தான் அந்தக் காதலை நம்ப முடிகிறது.

அவருடைய கதைகள் பெரும்பாலும் இங்கிலாந்தில் 1811 முதல் 1820 வரையிலான ரீஜன்ஸி காலத்தில் நடப்பவை. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கிவிட, இளவரசர் அவர் பெயரில் ஆட்சி நடத்திய ஒன்பது வருஷம். ஒரு பக்கம் நெப்போலியனோடு போர், இன்னொரு பக்கம் லண்டனில் விருந்தும் நடனமும். ஆல்மாக்ஸ் என்று ஒரு நடனக்கூடம். அதற்குள் யார் நுழையலாம் என்பதைச் சில பெரிய வீட்டுச் சீமாட்டிகள் சேர்ந்து முடிவு செய்வார்கள். பணம் மட்டும் இருந்தால் போதாது. உள்ளே போனபிறகு ஒரே ஆணோடு மூன்றாவது தடவை ஆடினால் ஊர் பேசும். ஆண்களின் கிளப்புகள் இருக்கும் தெருவில் கல்யாணமாகாத பெண் நடந்து போனாலே பெயர் கெட்டுவிடும்.

இதெல்லாம் வெறும் அலங்காரம் என்றுதான் அப்போது நினைத்தோம். இப்போது படித்தால் அடியில் இருக்கிற பயம் தெரிகிறது. 1753இல் வந்த சட்டப்படி 21 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இங்கிலாந்தில் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அதனால்தான் கதைக்குக் கதை எவளாவது ஒருத்தி ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கும் கிரெட்னா கிரீனுக்கு வண்டி கட்டிக்கொண்டு ஓடுகிறாள். கல்யாணம் ஆனபிறகோ, தனியாகப் பத்திரம் எழுதிப் பாதுகாத்து வைத்திருந்தால் ஒழிய, அவள் சொத்து புருஷன் கைக்குப் போய்விடும். அந்த நிலை மாற 1870, 1882 சட்டங்கள் வர வேண்டியிருந்தது. விவாகரத்து என்பது அநேகமாக நடக்காத காரியம். ஆகவே ஒரு பெண் தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தால் மீள வழியே இல்லை. ஆனால் அவனை அறிந்துகொள்ள அவளுக்குக் கிடைப்பதோ, பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நடனம் முடிகிற நேரம். நம் காலத்துப் பெண் பார்க்கும் படலத்தில் பஜ்ஜித் தட்டை நீட்டுகிற அந்த ஒரு நிமிஷம் மாதிரி.

அந்த நேரத்தில் அவள் கையில் இருப்பது பேச்சு மட்டும்தான். ஒரு வார்த்தையை வீசிப் பார்க்கிறாள். அவன் புண்படுகிறானா, புரியாமல் விழிக்கிறானா, பாடம் எடுக்க ஆரம்பிக்கிறானா, அல்லது அதே வேகத்தில் திருப்பிப் போடுகிறானா? அதில் பாதி குணம் தெரிந்துவிடுகிறது. ஹெயரின் வசனங்கள் அத்தனை ஜொலிப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. அவை கதைக்கு மேலே தூவிய நகைச்சுவை இல்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று சோதித்துப் பார்க்கிற விதம்.

‘வெனிஷியா’ ஞாபகம் இருக்கிறதா? 1958இல் வந்தது. யார்க்ஷைர் கிராமத்தில் வளர்ந்த 25 வயதுப் பெண். கால் ஊனமான, படிப்பே கதியென்று கிடக்கிற தம்பி. வெளியூரே பார்த்ததில்லை. பக்கத்து எஸ்டேட்டுக்கு டேமரல் பிரபு வந்து சேர்கிறான், ஊர் முழுக்கக் கெட்ட பெயர் எடுத்தவன். முதல் சந்திப்பிலேயே அத்துமீறி நடந்துகொள்கிறான். அவள் மயங்கவும் இல்லை, ஓடவும் இல்லை. அவன் ஷேக்ஸ்பியர் வரி ஒன்றை எடுத்துவிட்டால் இவள் பதிலுக்கு ஒன்று சொல்லி அவனை வாயடைக்க வைக்கிறாள். அன்றிலிருந்து அவர்கள் பேசுகிற பேச்சைப் படிக்க வேண்டுமே! தனக்கு வேண்டியிருந்தது சேர்ந்து சிரிக்க ஒரு சிநேகிதன்தான் என்று ஓரிடத்தில் அவள் சொல்வாள். இருபது வயதில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது அங்கே வந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷக் குடும்பத்துக்குப் பிறகு சொல்கிறேன், அவள் கேட்டது சின்ன விஷயம் இல்லை வசு.

உனக்கு முதலில் நான் தரப்போவது அது இல்லை, ‘கோட்டிலியன்’. 1953இல் வந்தது. கிட்டி என்ற அநாதைப் பெண்ணை வளர்க்கிற கிழவர் மகா கஞ்சன். தன் சகோதரிகளின் பேரன்களில் ஒருவனை அவள் கட்டிக்கொண்டால்தான் சொத்து என்று சொல்லிவிடுகிறார். அவள் மனசில் இருப்பவன் ஜாக், பார்க்க அழகன், கெட்டிக்காரன். அவனோ அவள் எங்கே போய்விடப் போகிறாள் என்று வராமலே இருந்துவிடுகிறான். கோபத்தில் அவள் இன்னொரு பேரனான ஃபிரெடியைப் பிடித்து, ஒரு மாசத்துக்குப் பொய்யாக நிச்சயம் செய்துகொள், நான் லண்டனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறாள். ஃபிரெடி ஒரு அப்பாவி. கோட் தையல் சரியா, கழுத்துத்துணி மடிப்பு சரியா, இதுதான் அவன் அறிவு. படிப்பு வாசனை கிடையாது. கிரேக்கத்திலிருந்து எல்ஜின் பிரபு கொண்டுவந்த பளிங்குச் சிலைகளைக் காட்ட அவளைக் கூட்டிப் போகிறான். தலையே இல்லாத சிலைகளைப் பார்க்கவா இத்தனை பேர் வருகிறார்கள் என்று அவனுக்கு ஆறவே இல்லை.

இவன்தான் கதாநாயகன் என்று பாதிப் புத்தகம் வரை வாசகருக்கே தெரியாது. ஒரு காதல் ஜோடி ஊரைவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. மற்ற எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு நிற்கும்போது, பெண்ணுக்கு வழியில் பல் துலக்கவும் தலை சீவவும் பிரஷ் வேண்டுமே என்று யோசித்து வாங்கி வைப்பவன் ஃபிரெடி. பல் துலக்கும் பிரஷ்! அதை வாசித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள், இந்த ஆளோடு ஒருத்தி ஆயுசு முழுக்க நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றியது. கிட்டிக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஹெயரின் சாமர்த்தியம் அதுதான். நம்மை எதைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறாரோ, அதையே நேசிக்கவும் வைத்துவிடுகிறார்.

அவரைப் பற்றி அந்த நாளில் நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் வழியில்லை, அவர் பேட்டியே கொடுத்ததில்லை. 1902இல் விம்பிள்டனில் பிறந்தவர். ரத்தம் உறையாத நோயால் படுத்திருந்த தம்பியைக் குஷிப்படுத்தக் கதை சொல்ல ஆரம்பித்தார். அதுவே 1921இல், அவருக்கு 19 வயதில், முதல் நாவலாக வந்தது. 1925இல் அவருக்குக் கல்யாணமானது. அதே வருஷம் அப்பா திடீரென்று காலமாகிவிட, தம்பிகள் இருவரின் பொறுப்பும் அவர் தலையில். அடுத்த வருஷம் வந்த நாவலுக்கு, அப்போது நடந்த பொது வேலைநிறுத்தத்தால், விளம்பரமும் இல்லை, மதிப்புரையும் இல்லை. அப்படியும் 1,90,000 பிரதிகள் விற்றது. கணவர் சுரங்க இன்ஜினியர். அவரோடு ஆப்பிரிக்காவில் டாங்கனிக்கா போய், காட்டுக்கு நடுவே புல் வேய்ந்த குடிசையில் உட்கார்ந்து பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனை எழுதியிருக்கிறார். பிற்பாடு கணவர் வேலையை விட்டு வக்கீலுக்குப் படித்தபோதும் வீட்டுக்குக் கைகொடுத்தது இந்தப் பேனாதான்.

சிரிப்புக்கு அடியில் எவ்வளவு உழைப்பு தெரியுமா? குறிப்புக்கென்றே ஆயிரத்துக்கு மேல் புத்தகங்கள் வைத்திருந்தார். தொப்பி, வண்டி, சாமான் விலை, அன்றைய கொச்சைப் பேச்சு என்று தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதி வைத்திருந்தார். வாட்டர்லூ போரில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் கோமகன் எப்படி எழுதுவார் என்று பிடிபட வேண்டுமென்று அவர் எழுதிய கடிதம் ஒன்றையே விலைக்கு வாங்கினாராம். 1937இல் வாட்டர்லூ போரை வைத்து எழுதிய ‘அன் இன்ஃபேமஸ் ஆர்மி’ நாவலில் போர் வருணனை அவ்வளவு துல்லியம் என்று ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் மாணவர்களைப் படிக்கச் சொன்னார்கள். இத்தனையும் செய்தும் விமர்சகர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் படிக்கிற கதைதானே என்ற இளப்பம். 1969இல் ஏ. எஸ். பயட் என்ற நாவலாசிரியைதான் முதுகெலும்போடு, நீங்கள் நினைப்பதைவிட இவர் நல்ல எழுத்தாளர் என்று வாதாடிக் கட்டுரை எழுதினார். அந்த இளப்பத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. துன்பக் கதை எழுதினால் இலக்கியம், சிரிக்க வைத்தால் பொழுதுபோக்கு என்கிற கணக்கு எங்கிருந்து வந்தது?

ஒரு செய்தி சொல்கிறேன். ருமேனியாவில் அரசியல் கைதியாகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்த ஒரு பெண், ஹெயருக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். 1944இல் வந்த ‘ஃபிரைடேஸ் சைல்ட்’ கதையைக் கூட இருந்த பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் தானும் அவர்களும் புத்தி பேதலிக்காமல் இருந்ததாக அதில் எழுதியிருந்தாளாம். கையில் புத்தகம் இல்லை, நினைவிலிருந்து சொன்னது. அசட்டுத்தனமான ஒரு பிரபுவும், ஒன்றும் தெரியாத அவன் இளம் மனைவியும், அவர்கள் மாட்டிக்கொள்கிற வம்புகளும்தான் அந்தக் கதை. அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம்! ஹெயர் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது, பெரிய குறைகளே இருக்கின்றன. ‘தி கிராண்ட் ஸோஃபி’யில் வட்டிக்கடைக்கார யூதர் ஒருவர் வருகிறார். அழுக்கு, பேராசை, அச்சுக்கோத்த மாதிரி எல்லா இழிவும் அவர்மேல். அந்த நாவல் வந்தது 1950இல். ஐரோப்பாவில் யூதர்களுக்கு நடந்தது உலகத்துக்கே தெரிந்த பிறகு எழுதியது. எத்தனை நல்ல கதையானாலும் அந்த அத்தியாயத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பேத்திகள் யாராவது படித்தால் அதைச் சொல்லித்தான் கொடுப்பேன். ‘பிளாக் ஷீப்’ வேறு மாதிரி உறுத்தல். அதன் கதாநாயகன் இந்தியாவில் பெரும் பணம் சம்பாதித்துத் திரும்பியவன். ஹெயர் படைத்த ஆண்களிலேயே பேச்சில் அவனைப் போல என்னைச் சிரிக்க வைத்தவன் கிடையாது. ஆனால் கும்பெனி காலத்து இந்தியாவில் அந்தப் பணம் எப்படி வந்திருக்கும், யார் வயிற்றில் அடித்து வந்திருக்கும் என்று கதையில் ஒருவரும் கேட்பதில்லை. நாம் கேட்காமல் படிக்க முடியுமா? சிரித்துக்கொண்டே படிக்கிறேன், அந்தக் கேள்வியையும் கூடவே வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

நம் வயதுக்கென்றே எழுதியது போல ஒன்று இருக்கிறது, ‘எ சிவில் கான்ட்ராக்ட்’, 1961. கடனில் மூழ்கின பிரபு, பெரிய வியாபாரியின் மகள் ஜென்னியைப் பணத்துக்காகக் கட்டிக்கொள்கிறான். அவன் மனசில் இருப்பவள் வேறொரு அழகி. ஜென்னி அழகும் இல்லை, பேச்சிலும் கெட்டிக்காரி இல்லை. அவனுக்கு எது பிடிக்கும், எப்போது தனியாக விட வேண்டும் என்று கவனித்துக் கவனித்தே குடும்பம் நடத்துகிறாள். அவள் அப்பா செய்கிற தடபுடல்தான் கதையின் சிரிப்பெல்லாம். கண்டதையும் விலை சொல்லிச் சொல்லிப் பரிசாகக் கொடுக்கிற மனுஷர். காதல் கொழுந்துவிட்டு எரிகிற கட்டமே கிடையாது. காலேஜில் இதைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டோம், உனக்கு நினைவிருக்கும். இப்போது கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது, ஜென்னிக்குக் கிடைத்ததுதான் அந்தப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் பெரிய வெற்றி என்று பட்டது.

‘கோட்டிலியன்’, ‘வெனிஷியா’, ‘எ சிவில் கான்ட்ராக்ட்’ மூன்றையும் பார்சல் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கோயமுத்தூர் வருகிற மைத்துனர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எழுத்து பொடி, தாள் பழுப்பு. அதனால் டாக்டர் சரி என்கிற வரைக்கும் நீ தொடக்கூடாது. அதுவரை மருமகளை வாசிக்கச் சொல், ‘கோட்டிலியன்’ அவளுக்கும் பிடிக்கும். முதல் முப்பது பக்கம் ஏகப்பட்ட உறவுமுறை வந்து குழப்பும், பொறுமையாகத் தாண்டிவிடு. ஃபிரெடியைப் பற்றி என்ன நினைத்தாய் என்று எனக்குக் கட்டாயம் எழுது. போனில் சொல்லாதே, கடிதமாகவே எழுது. ஆடி முடிவதற்குள் எழுதினால் இந்த விலாசத்துக்கே அனுப்பு, அப்புறம் என்றால் பெங்களூருக்கு.

அண்ணாவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசி.

அன்புடன்,
மீனா